வெனிவெல் பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறது?

 

டிக்கோயாவின் குளிரைப் பற்றி மலையகத்து வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மழைக் காலத்தில் காசல்ரீ நீர்த்தேக்கத்துப் பக்கமிருந்து ஏறி வரும் பனிமூட்டம் லயத்து வாசலையும் பள்ளிவாசல் படியையும் ஒன்றாக மூடிவிடும். சுபஹுத் தொழுகைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இருமிக்கொண்டுதான் வருவார்கள். அதனால் எங்கள் பகுதியில் தமிழர், முஸ்லிம், சிங்களவர் என்ற பேதமில்லாமல் எல்லா வீட்டு அடுப்படியிலும் ஒரு பொட்டலம் இருக்கும். கொத்தமல்லி, வேர்க்கொம்பு, வெனிவெல். தடிமன் என்றாலும் கசாயம், காய்ச்சல் என்றாலும் கசாயம், உடம்பு அலுப்பென்றாலும் கசாயம்.

வெனிவெல் என்று நாம் சிங்களப் பெயரால் அழைப்பதைத் தமிழ் வைத்திய நூல்கள் மரமஞ்சள் என்கின்றன. தாவரவியலார் அதற்கு வைத்திருக்கும் பெயர் கொசினியம் பெனஸ்ட்ராட்டம். மழைக்காட்டில் பெரிய மரங்களைப் பற்றி ஏறும் தடித்த கொடி அது. வெட்டினால் உள்ளே மஞ்சள். நாக்கில் வைத்தால் நெடுநேரம் போகாத கசப்பு. அந்த மஞ்சளுக்கும் கசப்புக்கும் பெரும் காரணம் பெர்பெரின் என்ற பொருள். கிருமிகளை எதிர்க்கும் ஆற்றல் அதற்கு உண்டென்பது ஆய்வுக்கூடங்களில் பலமுறை காணப்பட்ட செய்தி. ஆகவே நம் மூத்தவர்கள் வெறும் நம்பிக்கையில் அதைக் கையிலெடுக்கவில்லை.

இவ்வளவும் தெரிந்த நான்தான் ஒரு நாள் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் தலைகுனிந்து நின்றேன். அதைத்தான் இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்ள நினைக்கிறேன்.

ஐந்து நாள் குழந்தை

சில வருடங்களுக்கு முன் என் தங்கைக்கு ஆண் குழந்தை பிறந்தது. பிள்ளைப் பெற்றவளுக்குக் குளிர் பிடிக்கக் கூடாதென்று உம்மா கசாயம் காய்ச்சினார். பொட்டலம் வாங்கி வந்தவன் நான். குழந்தைக்கும் மூக்கடைப்பு இருந்ததால், ஒரு நாள் அதே கசாயத்தில் கொஞ்சம் சங்கில் எடுத்துப் புகட்டியிருக்கிறார். எங்களையெல்லாம் அப்படித்தான் வளர்த்தார். அதில் அவருக்கு ஒரு சந்தேகமும் இருக்கவில்லை.

ஐந்தாம் நாள் குழந்தையின் கண்ணும் உடம்பும் மஞ்சளித்தன. பால் குடிக்க மறுத்தது. வைத்தியசாலைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். இளம் வயதுப் பெண் டொக்டர். குழந்தையைப் பார்த்த கையோடு கேட்டார்: “தாய்ப்பாலைத் தவிர வேறு ஏதாவது கொடுத்தீர்களா?”

உம்மா மறைக்கவில்லை. “கொத்தமல்லியும் வெனிவெல்லும் போட்ட கசாயம் ஒரு சங்கு குடுத்தேன் மகள்” என்றார்.

“எவ்வளவு வெனிவெல் போட்டீங்க? அது வெனிவெல்தான் என்று எப்படித் தெரியும்? யார் வாங்கினது?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு வாய் வரவில்லை. கடையில் கேட்டேன், தந்தார்கள், காசு கொடுத்தேன். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. பத்து ரூபாய்க்குத் தேசிக்காய் வாங்கினால்கூட அழுத்திப் பார்த்து வாங்குகிற நான், பிறந்த குழந்தையின் வாய்க்குள் போன பொருளைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

அல்ஹம்துலில்லாஹ், நீல ஒளியின் கீழ் வைத்துச் சிகிச்சை செய்தார்கள். குழந்தை நலமாக வீடு வந்தான். கசாயந்தான் காரணம் என்று டொக்டர் சொல்லவில்லை. பிறந்த குழந்தைகளில் பலருக்கும் மஞ்சள் காண்பது வழக்கந்தான் என்றார். ஆனால் அவர் ஏன் அப்படித் துருவித் துருவிக் கேட்டார் என்பதைப் பிறகு தேடிப் படித்தபோது அறிந்துகொண்டேன்.

பிறந்த குழந்தையின் உடம்பில் பழைய சிவப்பணுக்கள் உடைந்து பிலிருபின் என்ற மஞ்சள் பொருள் உண்டாகிறது. இரத்தத்திலுள்ள அல்புமின் என்ற புரதம் அதைச் சுமந்துகொண்டு போய் ஈரலில் சேர்க்கிறது. பெர்பெரின் அந்தப் புரதத்தில் தான் ஏறிக்கொண்டு பிலிருபினை இறக்கிவிடும் என்று ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. இறங்கிய பிலிருபின் அளவுக்கு மீறினால் பச்சிளம் மூளையில் போய்ப் படியும். ஜி-6-பி-டி என்ற நொதி பிறவியிலேயே குறைந்த குழந்தைகளுக்குச் சிவப்பணுக்கள் எளிதில் உடைவதால் ஆபத்து இன்னும் அதிகம். பெர்பெரின் உள்ள சீன மூலிகைகளை இந்தக் காரணத்துக்காகத்தான் சிங்கப்பூர் அரசு 1978ல் தடை செய்தது. பின்னர் ஆதாரங்களைத் திரும்ப ஆராய்ந்து, 2016க்குள் அத்தடையைப் படிப்படியாக நீக்கியது. தடுத்ததும் சோதித்துத்தான், அனுமதித்ததும் சோதித்துத்தான். ஆனாலும் பச்சிளங் குழந்தைக்கும், இந்த நொதிக் குறை உள்ளவருக்கும், கர்ப்பிணிக்கும் இதைத் தவிர்க்கவே மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

நான்கு துண்டுகள்

வீட்டுக்கு வந்ததும் மிச்சப் பொட்டலத்தைக் கடதாசியில் கொட்டினேன். பதினொரு துண்டுகள். எல்லாம் மஞ்சளாகத்தான் இருந்தன. எங்கள் வீட்டுக்கு அருகேயுள்ள லயத்தில் ஒரு மூதாட்டி இருக்கிறார். சிறு வயதில் அவிசாவளைப் பக்கத்து இறப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர். காட்டோரத்தில் வெனிவெல் வெட்டிப் பழகியவர். அவரிடம் கொண்டு போனேன்.

ஒவ்வொன்றாக எடுத்து, வெட்டுமுகத்தை வெளிச்சத்துக்குக் காட்டினார். “இங்க பாருங்கையா. நடுவுலேருந்து ஓரத்துக்கு வண்டிச் சக்கரம் மாதிரி கோடு ஓடுதில்ல, இதுதான் வெனிவெல். இதுல கோடு இல்ல. மேல மட்டும் மஞ்ச, உள்ள வெளுப்பு” என்று சொல்லி, நான்கு துண்டுகளை ஒதுக்கி வைத்தார். நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்துத் துப்பினார். “கசப்பும் இல்லீங்க. இது என்னா மரமுன்னு எனக்குத் தெரியாது.”

அந்தக் கடைசி வார்த்தைதான் என்னைச் சுட்டது. வெனிவெல் இல்லையென்றால் வேறென்ன? தீங்கில்லாத விறகுக் குச்சியாகவும் இருக்கலாம். வேறெதுவாகவும் இருக்கலாம். வெனிவெல் சேர்ந்த அதே தாவரக் குடும்பத்தில்தான் காக்கைக்கொல்லிக் கொடியும் இருக்கிறது. அதன் விதையிலுள்ள பிக்ரோடாக்சின் வலிப்பை உண்டாக்கும் நஞ்சு.

ஒரு பெயர், இரண்டு செடி

வாசகர்களே, மூலிகையில் முதல் சோதனை “இது அதுதானா?” என்பது. பெயரை மட்டும் நம்பினால் என்ன நடக்கும் என்பதற்கு உலகம் மறக்க முடியாத ஒரு சம்பவம் இருக்கிறது.

பெல்ஜிய நாட்டின் பிரஸ்ஸல்ஸ் நகரில், 1990ஐ ஒட்டிய வருடங்களில் உடல் மெலிவதற்காகப் பெண்கள் பலர் ஒரு சிகிச்சை நிலையத்தில் மருந்து எடுத்தார்கள். அதில் சீன மூலிகைத் தூளும் சேர்ந்திருந்தது. கொஞ்ச காலத்தில் அவர்களில் சிலரின் சிறுநீரகங்கள் வேகமாகச் செயலிழக்கத் தொடங்கின. 1993ல் மருத்துவர்கள் இதை உலகுக்கு அறிவித்தார்கள். சேர்க்கப்பட வேண்டியிருந்தது ஸ்டெபானியா என்ற கொடியின் வேர். அதுவும் நம் வெனிவெல்லின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். சீனச் சந்தையில் அதற்குப் பெயர் பாங்ஜி. இன்னொரு செடிக்குக் குவாங் பாங்ஜி என்று பெயர். பெயர்க் குழப்பத்தில் ஒன்றின் இடத்தில் மற்றது வந்து சேர்ந்துவிட்டது. வந்து சேர்ந்த அரிஸ்டோலோகியா செடியில் சிறுநீரகத்தை அழித்துப் புற்றுநோயையும் உண்டாக்கும் அமிலம் இருந்தது. பாதிக்கப்பட்டோர் நூற்றுக்கு மேல். பலருக்குச் சிறுநீரக மாற்றுச் சிகிச்சை தேவைப்பட்டது. உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2002ல் இவ்வகைச் செடி சேர்ந்த மருந்துகளை மனிதருக்குப் புற்றுநோய் தருபவை என்ற வரிசையில் வைத்தது. நம் நாட்டு வைத்தியத்தில் பெயர் பெற்ற ஈஸ்வரமூலியும் ஆடுதீண்டாப்பாளையும் இதே இனத்தவை என்பதை மறந்துவிடலாகாது.

மரமஞ்சளுக்கும் இந்தப் பெயர்க் குழப்பம் உண்டு. தென்னிந்தியாவில் மரமஞ்சள் என்று கேட்டால் ஒரு கடையில் நம் வெனிவெல் கொடியைத் தருவார்கள். இன்னொரு கடையில் மலை உச்சிகளில் வளரும் முள் புதரான பெர்பெரிஸ் கட்டையைத் தருவார்கள். இரண்டிலும் பெர்பெரின் உண்டு, இரண்டும் மஞ்சள், இரண்டும் கசப்பு. ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிழக்காபிரிக்காவின் கலம்பா வேருக்கு ஐரோப்பிய மருந்துக் கடைகளில் நல்ல கிராக்கி இருந்தது. அந்த இடத்துக்கு இலங்கையிலிருந்து போன வெனிவெல் கட்டையை ஆங்கிலேய மருந்தறிஞர்கள் பரிசோதித்து, “பொய்க் கலம்பா” என்று பெயர் சூட்டினார்கள். இங்கே அசலாக இருக்கும் பொருள் அங்கே போலியாகப் போயிற்று. செடி குற்றம் செய்யவில்லை. பெயரை மாற்றிச் சொன்ன மனிதன்தான் குற்றம் செய்தான்.

முன்னோர் செய்த சோதனை

“இதெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டு வந்த சந்தேகம், நம் முன்னோர் நம்பிக் குடித்தார்கள்” என்று சிலர் சொல்வதுண்டு. இது சரியல்ல. அரபுக் கல்லூரியில் கிதாபு ஓதிய காலத்தில் எங்கள் உஸ்தாத் ஒருவர் ஹிஸ்பா எனப்படும் சந்தைக் கண்காணிப்பைப் பற்றிச் சொல்லித் தந்தது நினைவுக்கு வருகிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஷாம் தேசத்தில் வாழ்ந்த அஷ்ஷைஸரி, சந்தை அதிகாரிகளுக்காகவே ஒரு நூல் எழுதினார். அதில் மருந்துச் சரக்குக் கடைக்காரர்களுக்குத் தனி அத்தியாயம் உண்டு. ரேவல்சின்னியில் கால்நடைக்குக் கொடுக்கும் வேறொரு வகையைக் கலப்பார்கள், அபினில் வேறு செடிச் சாறும் பிசினும் சேர்ப்பார்கள் என்று எழுதி, நீரில் கரைத்தும் மணத்தைப் பார்த்தும் அவற்றை எப்படிக் கண்டுபிடிப்பது என்றும் விளக்குகிறார். எண்ணூறு வருடங்களுக்கு முன்பே பொட்டலம் பிரித்துப் பார்க்கப்பட்டது!

அதற்கும் முன்னவர் இப்னு ஸீனா (980 – 1037). தம் கானூன் நூலின் இரண்டாம் பாகத்தில் மருந்தைச் சோதிக்க ஏழு விதிகளை வகுத்தார். மருந்து வெளியிலிருந்து வந்த குணம் கலவாமல் தன் இயல்பில் இருக்க வேண்டும். பல நோய் கலந்தவரிடமன்றி ஒற்றை நோயில் சோதிக்க வேண்டும். பலன் எப்போதும் ஒரே மாதிரி வருகிறதா என்று பார்க்க வேண்டும், இல்லையேல் அது தற்செயல். மிருகத்தில் கண்டதை மனிதனுக்கு அப்படியே பொருத்தக் கூடாது. இன்றைய மருந்து ஆய்வாளர் யாரும் இவற்றை மறுக்கமாட்டார். ஆகவே சோதிப்பதுதான் பாரம்பரியம். சோதிக்காமல் குடிப்பது நம் சோம்பல். அந்தச் சோம்பலுக்குப் பாரம்பரியம் என்று பெயர் சூட்டுகிறோம்.

இன்றைய சோதனை

இன்றைய ஆய்வுக்கூடம் என்ன செய்கிறது? மூதாட்டி செய்த அதே காரியத்தில்தான் அதுவும் தொடங்குகிறது. பார்வை, மணம், சுவை, வெட்டுமுகம். பிறகு துண்டை மெல்லியதாய்ச் சீவி நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். ஒவ்வொரு செடியின் உள்ளமைப்பும் கைரேகை போல் வேறுபடும். தூளாக்கிவிட்டால் கண்ணுக்குத் தெரியாதது நுண்ணோக்கிக்குத் தெரியும்.

அடுத்தது சாம்பல் சோதனை. அளந்த சரக்கை எரித்துச் சாம்பலை நிறுக்கிறார்கள். அதை அமிலத்தில் கரைத்தால் செடியின் உப்புகள் பெரும்பாலும் கரைந்துபோகும், மணல் கரையாது. மிஞ்சியதை நிறுத்தால் காசு கொடுத்து எவ்வளவு மண் வாங்கினோம் என்பது தெரிந்துவிடும். ஈரம் எவ்வளவு என்றும் அளப்பார்கள், ஈரச் சரக்கில்தான் பூஞ்சணம் பிடிக்கும். சில பூஞ்சணங்கள் ஈரலைக் கெடுக்கும் அப்ளடொக்சின் நஞ்சை உண்டாக்கும்.

பின்னர் நிறப்பிரிகை. சாற்றின் ஒரு துளியை மெல்லிய படலத்தில் இட்டுக் கரைப்பானில் நிறுத்தினால், உள்ளிருக்கும் பொருள்கள் ஒவ்வொன்றும் ஒவ்வோர் உயரத்தில் போய் நிற்கும். புற ஊதா விளக்கில் பெர்பெரின் மஞ்சளாய் ஒளிரும். கள்ள நோட்டுப் பார்க்கும் விளக்கை வெனிவெல்லில் அடித்தாலும் இந்த ஒளிர்வைக் காணலாம். ஆனால் அவசரப்பட வேண்டாம். அது பெர்பெரின் இருக்கிறது என்பதற்குச் சாட்சி, வெனிவெல்தான் என்பதற்குச் சாட்சியல்ல. பெர்பெரிஸ் கட்டையும் ஒளிரும். ஒரு சோதனை எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று அறிவதும் அறிவுதான்.

கடைசியாகப் பாதுகாப்பு. ஈயம், கட்மியம், ஆசனிக்கு, பாதரசம், பூச்சிநாசினி மிச்சம், கிருமி. மூலிகைச் சரக்கில் ஒரு கிலோவுக்கு ஈயம் 10 மில்லிகிராமுக்கும், கட்மியம் 0.3 மில்லிகிராமுக்கும் மேற்படலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டியிருக்கிறது.

இதை எங்கள் மலைநாட்டார் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். தேயிலை மலையின் கானோரத்தில் வல்லாரை செழித்து வளர்கிறது. பிள்ளைகளுக்கு ஞாபக சக்திக்கென்று பறித்துச் சம்பல் போடுகிறோம். மேலே மலையில் தெளித்த களைநாசினி மழையோடு எந்தக் கானில் இறங்குகிறது என்று பார்க்கிறோமா? கிளைபொசேட் களைநாசினி 2015ல் தடை செய்யப்பட்டு, 2018ல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மீண்டும் அனுமதிக்கப்பட்டதை நாமறிவோம். வல்லாரை மண்ணிலுள்ள உலோகங்களையும் உறிஞ்சிக்கொள்ளக் கூடியது. நல்ல கீரையே கெட்ட இடத்தில் வளர்ந்தால் நல்லதாக இருக்காது.

அசல் சரக்காக, சுத்தமாக இருந்தாலும் போதாது என்பதற்கும் நம் அருகிலேயே உதாரணம் உண்டு. பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நாட்டு வைத்தியத்தில் பயன்படும் பல மூலிகைகளைச் சோதித்து 1981ல் முடிவை வெளியிட்டார்கள். கிலுகிலுப்பை வகைச் செடி ஒன்று உட்பட மூன்றில் ஈரலுக்குத் தீங்கு செய்யும் பொருள்கள் இருப்பதைக் கண்டார்கள். எலிகளுக்குக் கொடுத்தபோது ஈரல் பழுதடைந்தது. அங்கே கலப்படம் இல்லை. தீங்கு செடியிலேயே இருந்தது. குடித்தவுடன் வயிற்றைப் புரட்டாததால் யாரும் செடியைச் சந்தேகிக்கவில்லை. மெல்ல வரும் தீங்கை அனுபவம் காட்டித் தராது. அதைக் காட்டுவதற்குத்தான் ஆய்வு தேவைப்படுகிறது.

சோதித்தால் மாறுமா?

“சந்தை முழுக்க இப்படித்தான், நாம் பார்த்து என்னவாகப் போகிறது?” என்று மனம் தளர வேண்டாம். பங்களாதேஷைப் பாருங்கள். 1988ன் பெருவெள்ளத்தில் நனைந்து மங்கிய சமையல் மஞ்சளுக்கு நிறமேற்ற ஈயக் குரோமேட் என்ற சாயம் பூசும் பழக்கம் அங்கே வேரூன்றியதாகச் சொல்லப்படுகிறது. கர்ப்பிணிப் பெண்களின் இரத்தத்தில் ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடிய ஆய்வாளர்கள் 2019ல் அது மஞ்சளிலிருந்து வருவதை நிரூபித்தார்கள். அந்த வருடம் சந்தையில் எடுத்த மாதிரிகளில் 47 சதவீதத்தில் அந்தச் சாயம் இருந்தது. அரசாங்கம் மக்களுக்கு அறிவித்தது, மொத்தச் சந்தைக்குள் கருவியோடு நுழைந்து சோதித்தது, குற்றம் செய்த வியாபாரிகளுக்கு அபராதம் விதித்தது. 2021ல் எடுத்த மாதிரிகளில் ஒன்றில்கூடச் சாயம் இல்லை. ஏழை நாடுதான், இரண்டே வருடந்தான்.

நம் நாட்டிலோ 2020ல் மஞ்சள் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டு விலை பல மடங்கு ஏறியபோது, மாவு கலந்த மஞ்சள் தூள் பல இடங்களில் பிடிபட்டது. அதே வருடம் கொரோனாப் பயத்தில் வெனிவெல்லுக்கும் கொத்தமல்லிக்கும் அலைந்தோம். டிசம்பரில் கேகாலையில் ஒரு பாணி மருந்துக்காக ஆயிரக்கணக்கானோர் ஒருவரை ஒருவர் முட்டிக்கொண்டு நின்றதைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். பயமும் தட்டுப்பாடும் சேரும்போதுதான் கலப்படக்காரனுக்குப் பெருநாள்.

இலங்கையில் வழியில்லாமலில்லை. 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் இருக்கிறது. நாவின்னையில் 1962 முதல் பண்டாரநாயக்க ஞாபகார்த்த ஆயுர்வேத ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனம் மூலிகைகளைப் பரிசோதிக்கிறது. தயாரித்து விற்பவர்கள் அங்கே போகலாம், போக வேண்டும். ஆனால் டிக்கோயாவில் சாக்கிலிருந்து அள்ளிக் கட்டும் பொட்டலத்துக்குப் பின்னால் எந்த ஆய்வுக்கூடமும் வருவதில்லை. அங்கே விற்பவரின் இறையச்சமும் வாங்குபவரின் விழிப்புந்தான் காவல்.

கடைக்கார நண்பர்

அந்த நான்கு துண்டுகளையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரர் என்னோடு ஒரே ஸப்பில் நின்று தொழுபவர். போகும்போது மனம் கனத்தது. அவரைச் சங்கடப்படுத்துகிறோமே என்ற எண்ணம். ஆனால் அவர் என்னை நம்பவைத்து ஏமாற்றவில்லை.

“மௌலவி, சத்தியமா எனக்குத் தெரியாது. கொழும்புலருந்து சாக்கு வருது. கட்ட அவுக்கிறேன், நிறுத்துக் குடுக்கிறேன். பிரிச்சுப் பாக்கிறதில்ல” என்றார்.

நான் பிரசங்கம் செய்யவில்லை. ஒரே ஒரு சம்பவத்தை நினைவூட்டினேன். மதீனாவின் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கைவிட்டுப் பார்த்தார்கள், விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. நனைந்ததை மேலே வைத்திருக்கலாகாதா, மக்கள் பார்த்திருப்பார்களே என்று கேட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள். அந்த வியாபாரி தண்ணீர் ஊற்றவில்லை, மழைதான் நனைத்தது. ஆனாலும் அடியில் இருப்பதை அவர் காட்டவில்லை.

அதேபோல, வைத்தியம் அறியாமல் வைத்தியம் செய்து தீங்கு விளைவிப்பவர் அதற்குப் பொறுப்பாளி என்றும் ஹதீஸ் இருக்கிறது. இது விற்பவருக்கு மட்டுமல்ல, “இதைக் குடி, சுகமாகும்” என்று கண்டவருக்கெல்லாம் சொல்லித் தரும் நமக்குந்தான். மௌலவி என்பதால் என்னிடம் மருந்து கேட்டு வருகிறவர்கள் உண்டு. அன்றிலிருந்து, தெரியாததைத் தெரியாது என்று சொல்லிப் பழகிக்கொண்டேன்.

நண்பர் சிறிது நேரம் பேசாமலிருந்தார். பிறகு சாக்கை இழுத்து நடுக்கடையில் கொட்டினார். அஸர் வரை இருவரும் உட்கார்ந்து பிரித்தோம். ஒதுக்கியது ஒரு பெரிய பைக்கு வந்தது. அதைத் திருப்பி அனுப்பினார். காசு திரும்பி வரவில்லை. ஆனாலும் அடுத்த சாக்கை, முகம் தெரிந்த வேறு ஒருவரிடம், வெட்டுமுகம் தெரியும் முழுத் துண்டுகளாக வாங்கினார்.

நாம் செய்ய வேண்டியவை

சகோதரிகளே, அடுப்படி உங்கள் கையில் இருப்பதால் உங்களுக்கே முதலில் சொல்கிறேன்.

தூளாக வாங்காதீர்கள். துண்டாக, வேராக, காயாக வாங்குங்கள். தூளில் எதையும் ஒளிக்கலாம். வெனிவெல் என்றால் வெட்டுமுகத்தில் சக்கரக் கோடும், உள்ளே வரை மஞ்சளும், கசப்பும் இருக்கிறதா என்று பாருங்கள். இது ஆய்வுக்கூடச் சோதனைக்கு ஈடாகாது. ஆனாலும் அந்த நான்கு துண்டுகளையும் பிடித்தது இதுதான்.

பூஞ்சண வாடை வந்தாலோ, நீரில் போட்டவுடன் சாயம் கொட்டித் துண்டு வெளுத்தாலோ, எவ்வளவு விலை கொடுத்ததாக இருந்தாலும் எறிந்துவிடுங்கள்.

காய்ச்சும் முன் ஒரு துண்டை எடுத்து, வாங்கிய திகதியும் கடையும் எழுதிய கடதாசியோடு ஒரு போத்தலில் போட்டு வையுங்கள். ஏதாவது நேர்ந்தால் டொக்டர் கேட்கும் கேள்விக்கு அதுதான் பதில்.

பால்குடிக் குழந்தைக்குத் தாய்ப்பாலைத் தவிர எதையும் உங்கள் எண்ணப்படி புகட்டாதீர்கள். கர்ப்பிணிகளும், சீனி வியாதிக்கு மாத்திரை எடுப்பவர்களும், சிறுநீரக மாற்றுச் சிகிச்சை செய்துகொண்டவர்களும் வெனிவெல் குடிக்கும் முன் டொக்டரிடம் கேளுங்கள். பெர்பெரின் சில மருந்துகளின் வேலையைக் கூட்டிவிடக் கூடியது. கேட்டால் ஏசுவார்களோ என்று பயந்து மறைக்காதீர்கள். பதிவு பெற்ற ஆயுர்வேத வைத்தியரிடமும், நீங்கள் எடுக்கும் ஆங்கில மருந்தைச் சொல்லுங்கள்.

கசாயத்தை நான் விலக்கச் சொல்லவில்லை. இந்தக் கட்டுரையை எழுதும்போதுகூட என் பக்கத்தில் கொத்தமல்லித் தண்ணீர் ஆவி பறக்கிறது. அல்லாஹ் செடிகளில் வைத்திருக்கும் நிவாரணம் ஓர் அருட்கொடை. அந்த வெனிவெல் கொடி வளர்ந்து தடிப்பதற்குப் பல ஆண்டுகள் ஆகிறது. காட்டில் அது குறைந்துகொண்டும் வருகிறது. அவ்வளவு காலம் வளர்ந்து நம்மிடம் வந்த பொருளைப் பிரித்துப் பார்க்க இரண்டு நிமிடம் ஒதுக்காவிட்டால், அந்த அருளுக்கு நாம் செய்யும் நன்றி எது?

உம்மா இப்போதும் கசாயம் காய்ச்சுகிறார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு துண்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் சட்டியில் போடுகிறார். அன்று மஞ்சளித்த மருமகன் இப்போது பாடசாலைக்குப் போகிறான். அவனுக்கும் அந்தச் சக்கரக் கோட்டைக் காட்டிக் கொடுத்திருக்கிறார்.

வல்ல அல்லாஹ் நம் உணவையும் மருந்தையும் நம் வியாபாரத்தையும் தூய்மையாக்கி வைப்பானாக! ஆமீன். இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம்.